பி.காம் பிள்ளைகளுக்கு நிஜமான பில்லைக் காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசுக் கல்லூரியில் பி.காம் படித்து என்ன ஆகப்போகிறது, பேசாமல் இன்ஜினியரிங்கில் சேர்த்துவிடு என்று அட்மிஷன் நேரம் வந்தாலே ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன், அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள். கணக்குத் தெரிந்த ஆள் கிடைக்காமல் நாங்கள்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் வேலை கேட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. முக்கூடல் பக்கமிருந்து வந்த ஒரு பெண், நல்ல மார்க், அவளிடம் ஒரு ஹார்டுவேர் கடையின் கொள்முதல் பில் கட்டைக் கொடுத்து டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஏற்றச் சொன்னோம். மதுரையிலிருந்து வந்த சரக்குக்கு மத்திய அரசுக்கு சிஜிஎஸ்டி, மாநில அரசுக்கு எஸ்ஜிஎஸ்டி என்று ஜிஎஸ்டி வரி இரண்டாகப் பிரிந்திருக்கும், கொல்லத்திலிருந்து வந்ததற்கு மாநிலம் தாண்டியதால் ஐஜிஎஸ்டி என்று ஒன்றாக இருக்கும். பரீட்சையில் இதையெல்லாம் எழுதி மார்க் வாங்கியவள்தான், நிஜ பில்லை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கையில் எடுக்கிறாள். வாங்கிய பில்களுக்கான வரியை ஜிஎஸ்டி தளம் மாதா மாதம் காட்டும் 2பி பட்டியல் என்றால் என்ன என்பதும் தெரியவில்லை. சரக்கு விற்றவர் தன் ரிட்டர்னில் பில்லைக் காட்டினால்தான் அது வாங்கியவரின் 2பியில் வரும், அதில் வந்தால்தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியும், 2022 ஜனவரியிலிருந்து இதுதான் சட்டம். மாதா மாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20க்குள் வரி கட்டும் 3பி என்று ஓடுகிற ஆபீஸில் பாதி நேரம் இந்த ஒத்துப்பார்க்கிற வேலைக்கே போய்விடும். சொல்லிக்கொடுத்ததும் அந்தப் பெண் சீக்கிரமே பிடித்துக்கொண்டாள், மூன்று வருஷத்தில் கல்லூரியிலேயே இதைக் காட்டியிருக்கலாமே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பி.காமில் 55 சதவீதம் எடுத்தால் ஆடிட்டர் ஆவதற்கான சிஏ படிப்பில் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம், கடைசி வருஷம் படிக்கும்போதே தற்காலிகமாகப் பதிந்தும் வைக்கலாம். இது டிகிரி முடித்துவிட்டு எங்களிடம் வருகிற பல பேருக்குத் தெரியவே இல்லை. சிஏ என்றால் சென்னைப் பிள்ளைகளுக்கு, காசிருப்பவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பரீட்சை கஷ்டம்தான், ஒவ்வொரு தாளிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வாங்க வேண்டும், பல பேர் திரும்பத் திரும்ப எழுதித்தான் பாஸாகிறார்கள். ஆனாலும் புதிய திட்டத்தில் ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற ஆடிட்டர் ஆபீஸ் பயிற்சி இரண்டு வருஷமாகக் குறைந்திருக்கிறது, அப்போது உதவித்தொகையும் உண்டு. சிஏ வேண்டாம் என்றால் செலவுக் கணக்கியல் படிப்பான சிஎம்ஏ இருக்கிறது, பட்டதாரிகள் அதிலும் நேரடியாக இன்டரில் சேரலாம். அரசு வேலைதான் வேண்டும் என்பவர்களுக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 2, 2ஏ தேர்வுகளில் உள்ளாட்சி நிதித் தணிக்கை உதவி ஆய்வாளர் மாதிரி கணக்கு படித்தவர்களுக்குத் தோதான பதவிகள் இருக்கின்றன. தூத்துக்குடி துறைமுகத்தை நம்பி நடக்கும் ஷிப்பிங் கம்பெனிகள், கங்கைகொண்டான் சிப்காட், கூட்டுறவு சங்கங்கள், எங்கேதான் கணக்கெழுத ஆள் வேண்டாம்?

நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என்று நான்கு மாவட்டக் கல்லூரிகளும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டியில் ஒரு முடிவு எடுத்தால் கடையநல்லூர் பிள்ளைக்கும் நாகர்கோவில் பிள்ளைக்கும் சேர்ந்தே நல்லது நடக்கும். கடைசி செமஸ்டருக்கு முன்னால் ஒவ்வொரு வணிகவியல் மாணவரும் ஒரு மாதம் ஆடிட்டர் ஆபீஸிலோ கூட்டுறவு வங்கியிலோ உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும், அதற்கு மார்க் உண்டு என்று வைக்கட்டும். சும்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற இன்டர்ன்ஷிப்பாக இருக்கக் கூடாது. பிள்ளைகளை அனுப்பினால் இங்குள்ள ஆடிட்டர்களில் பலர் மறுக்காமல் சேர்த்துக்கொள்வார்கள், ரிட்டர்ன் சீசனில் அவர்களுக்கும் கை தேவைதான்.

உங்கள் பத்திரிகையில் வரும் உயர்கல்வி வழிகாட்டிப் பக்கத்தில் அந்த 55 சதவீத விஷயத்தையாவது இந்த அட்மிஷன் முடிவதற்குள் பெரிய எழுத்தில் போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை