தெருவிளக்கும் குண்டுக்கரிச்சானும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பறவைகள் நடுராத்திரியில் பாடுவது விடிந்துவிட்டதென்று ஏமாந்துதான் என்று எழுதியிருந்தீர்கள். அது பாதிதான்.

சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். பண்டிகை ஆர்டர் வந்தால் இரவு இரண்டு மணிவரை வேலை ஓடும். எதிரே ஒரு முருங்கை. போன வருஷம் அதன் உச்சிக்கு நேராக வெள்ளை வெளேரென்று எல்இடி விளக்கு மாட்டினார்கள். அந்த மரத்துக் குண்டுக்கரிச்சான் குருவி மாசி கடைசியில்தான் வாய் திறக்கும். இந்த வருஷம் தை பிறந்ததுமே, அதுவும் ராத்திரி ஒன்றரைக்கு, வாலைத் தூக்கிக்கொண்டு ஆரம்பித்துவிட்டது.

விலங்கியல் படிக்கும் என் மகள் விளக்கம் சொன்னாள். பறவைக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லையாம். மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ளேயே எட்டுகிறதாம். பகல் நீள்வதை மூளை கணக்குப் பார்த்து, அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லும். அது ஹார்மோனை ரத்தத்தில் விடும். ஆணின் விந்தகம் வளரும். குளிர்நாட்டுக் குருவிகளில் பல நூறு மடங்கு! கடுகு கிடந்த இடத்தில் மொச்சை. பருவம் முடிந்தால் மறுபடி கடுகு. மில்லிகிராம் கணக்கில் வெள்ளி நிறுத்துப் பிழைக்கிற எனக்கே தலை சுற்றியது.

விந்தகத்தில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் மூளைக்குப் போய்ப் பாட்டுக்கான பகுதிகளைப் பெருக்க வைக்கிறது. அதில் ஒரு பங்கு மூளையிலேயே ஈஸ்ட்ரோஜனாக மாறி வேலை செய்கிறதாம். ஆண் பாடுவதற்குப் பெண் ஹார்மோனா என்று பட்டறைப் பையன்கள் இன்னும் நம்பவில்லை.

ஜெர்மனியில் கரும்பறவைகளை ராத்திரியில் வெறும் 0.3 லக்ஸ் வெளிச்சத்தில், அதாவது பௌர்ணமி நிலவை ஒட்டிய வெளிச்சத்தில், வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் முன்னதாகவே விந்தகம் வளர்ந்துவிட்டது. 2013-இல் வெளிவந்த ஆய்வு. சரி, சேலத்தில் மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான். மழைக்கும் தீனிக்கும் இங்கே பங்கு உண்டு. ஆனாலும் என் முருங்கையில் மாறியது விளக்கு ஒன்றுதான்.

விளக்கை அணைக்கச் சொல்லவில்லை. வெள்ளி இருக்கிற தெரு, திருட்டுப் பயம் எங்களுக்கும் உண்டு. மேலே ஒரு தகர மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் போதும். இரண்டு முறை மனு கொடுத்தேன், "குருவிக்கா?" என்று சிரித்தார்கள். தகரத்தை நானே வெட்டித் தருகிறேன். ஏறி மாட்ட ஓர் ஆள் வரட்டும்.

இப்படிக்கு,
கொலுசுப் பட்டறைக்காரர்,
சிவதாபுரம், சேலம்.