அம்மாவின் அரை மணி நேரத்தை அளந்து பார்த்த பெண்ணுக்கு நன்றி

சுங்கை சிப்புட் மக்களுக்கு வணக்கம்.

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தே ஓ-வில் சீனி பத்தவில்லை என்று அம்மாவோடு மல்லுக்கு நிற்கிறார். அப்பாவின் இதயம் நின்றுபோன அன்றைக்கு என்ன நடந்தது என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. பாதிப் பேர் எங்கள் வாசலில்தான் நின்றீர்கள். கோலாலம்பூரில் இருந்த எனக்கே நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

முதலில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. ஆம்புலன்ஸ் வரும்வரை அப்பாவின் நெஞ்சிலிருந்து கையை எடுக்காத பக்கத்து வீட்டுப் பையனுக்கு. மறுநாள் அவனால் கையைத் தூக்கிச் சோறு சாப்பிட முடியவில்லையாம். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி, "சத்து, டுவா, தீகா, அம்பாட்" என்று மலாயில் அவனோடு கூடவே எண்ணிய அந்த 999 அவசர அழைப்புக் குரலுக்கு. பெயரும் தெரியாது, முகமும் தெரியாது. எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு வழி கண்டுபிடிப்பது பகலிலேயே பெரும்பாடு என்று தெரிந்து, கடையை அப்படியே போட்டுவிட்டு முச்சந்தியில் டார்ச்லைட்டோடு போய் நின்ற சீனக்கடை முதலாளி தவுக்கேவுக்கு. ஆம்புலன்சில் வந்தவர்களுக்கு, ஈப்போ பெரிய மருத்துவமனையின் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், அம்மாவுக்கு நேரம் தவறாமல் பசியாறக் கொண்டுவந்த அக்காமார்களுக்கு, மாரியம்மன் கோயிலில் அப்பா பேருக்கு அர்ச்சனை வைத்தவர்களுக்கு, கேட்காமலே என் காருக்கு எண்ணெய் ஊற்றி வைத்த அண்ணனுக்கு.

ஆரஞ்சுப் பையோடு வார்டுக்கு வந்து, "கொஞ்சம் முந்திப் பார்த்திருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது" என்று அம்மா காதுபடச் சொல்லிவிட்டுப் போனவர்களுக்கும் சேர்த்தே நன்றி. பழம் இனிப்பாகத்தான் இருந்தது.

அந்தப் பேச்சு அம்மாவைப் பிடித்துக்கொண்டது. "நான் சாமி ரூம்ல அரை மணி நேரம் நின்னுட்டேன். அவரு இங்க கெடந்திருக்காரு." வார்டிலும் அதேதான், வீட்டுக்கு வந்த பிறகும் அதேதான். அப்பாவுக்கு இப்போது சில பெயர்கள் சட்டென்று வருவதில்லை. பேரன் பெயரைத் தேடி அவர் நெற்றியைச் சுருக்கும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். மருத்துவர் சொல்லிப் பார்த்தார், நான் சொல்லிப் பார்த்தேன். ஆறுதலுக்குச் சொல்கிறோம் என்று அம்மாவுக்குத் தெரியும். அரை மணி நேரம் என்பது அவர் மனத்தில் ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது.

இந்த மடலை நான் உட்கார்ந்து எழுதுவதே அந்த ஆணியைப் பிடுங்கிய ஒருவருக்காகத்தான்.

அவர் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர், மலாய்ப் பெண். முப்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மருத்துவமனைக்கு வெளியே, வீட்டிலோ கடைத்தெருவிலோ, இதயம் நின்றுபோனவர்களைப் பற்றிய விவரங்களைச் சேகரிப்பது அவர் வேலை. ஆய்வு என்றாலே கதவைத் தட்டி நாலு கேள்வி கேட்டுவிட்டு, ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் என்றுதான் நம் ஊரில் நினைப்பு. இவர் முதலில் வீட்டுக்குக்கூட வரவில்லை. அப்பா எப்படி இருக்கிறார், தானாக நடக்கிறாரா, குளிக்கிறாரா, ஆட்களை அடையாளம் தெரிகிறதா என்று போனில் கேட்டார். கடைசியாக, அவர் எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டார். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

அவர் பாரத்தில் அந்தக் கேள்விக்கு எதிரே "தெரியவில்லை" என்று ஒரு குறி போட்டிருந்தால் போதும். பாரத்திலேயே அதற்கு இடம் உண்டாம். பெரும்பாலும் ஆம்புலன்ஸ் தாளையும் மருத்துவமனைக் கோப்பையும் வைத்தே நிரப்பிவிடுவார்களாம், வீடு தேடிப் போகிற வழக்கமே கிடையாது. ஆனால் போன சனிக்கிழமை, விடுமுறை நாளில், வாசலில் ஒரு சின்ன மைவி கார் வந்து நின்றது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "மாச்சிக், உள்ளே வரலாமா?" என்றார் அந்தப் பெண். மாச்சிக் என்றால் அம்மா வயதுப் பெண்களை மலாயில் மரியாதையாக அழைப்பது, ஆண்களுக்குப் பாச்சிக்.

அம்மாவின் மலாய் தோட்டத்து மலாய். மண்டோரிடமும் மீன்காரரிடமும் பேசிப் பழகியது. அதில்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். எத்தனை மணி என்று அந்தப் பெண் கேட்கவே இல்லை. "பாச்சிக் கடைசியாக உங்களிடம் என்ன சொன்னார்?" என்றுதான் கேட்டார்.

அம்மா யோசித்தார். "கொசு வருது, சன்னலச் சாத்துன்னாரு."

"அப்போது வெளியே ஏதாவது சத்தம் கேட்டதா? மழை, மோட்டார், தொலைக்காட்சி?"

"சூராவ்ல பாங்கு சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தார். பையிலிருந்து போனை எடுத்து, இஸ்லாமிய விவகாரத் துறையான ஜாக்கிமின் தொழுகை நேர அட்டவணையில் அந்தத் தேதியைத் தேடினார். அன்றைக்கு மக்ரிப், அதாவது அந்தித் தொழுகை, 7.24. தன் தாளில் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த இன்னொரு எண்ணைக் காட்டினார்: நம் வீட்டிலிருந்து 999-க்கு அழைப்பு போனது 7.31. பாங்கு ஒலித்துக்கொண்டிருந்தபோது அப்பா பேசியிருக்கிறார். ஏழு நிமிடத்துக்குள் அம்மா அவரைப் பார்த்து, கத்தி, பையன் ஓடிவந்து, அழைப்பும் போயாகிவிட்டது. அரை மணி நேரத்துக்கு இங்கே இடமே இல்லை.

அம்மா நம்பவில்லை. "நான் சாமி கிட்ட ரொம்ப நேரம் நின்னேன்."

அப்படியானால் அன்றைக்குச் செய்ததை அப்படியே ஒருமுறை செய்து காட்டுங்கள் என்றார் அவர். என் அம்மா சன்னலைச் சாத்தினார். பின்கட்டுக்குப் போய்க் கால் முகம் கழுவினார். சாமி அறையில் திரியைத் தூண்டி, எண்ணெய் விட்டு, விளக்கு ஏற்றினார். தினமும் சொல்லும் நாலு வரியை, அன்றைக்குச் சொன்ன அதே வேகத்தில் சொன்னார். திருநீறு இட்டுக்கொண்டார். அவ்வளவுதான், அதற்கு மேல் அன்றைக்கும் ஒன்றும் செய்யவில்லை. சாம்பிராணிக்குக் கரி போடப் போகிற வழியில்தான் அப்பாவைப் பார்த்திருக்கிறார். முக்காடு போட்ட அந்தப் பெண் நிலைப்படிக்கு வெளியே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். போனில் நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

நாலு நிமிடம் சொச்சம்.

"பாச்சிக் விழுந்தது இந்த நாலு நிமிடத்துக்குள் எப்போதோ. நீங்கள் விளக்கு ஏற்றும்போதா, திருநீறு எடுக்கும்போதா, அது யாருக்கும் தெரியாது. கூடிப்போனால் நாலு சொச்சம், அதற்கு மேல் இல்லை. அதன் பிறகு நீங்கள் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை, மாச்சிக்." பிறகு இன்னொன்றும் சொன்னார். நெஞ்சை அழுத்தாமல், மின்னதிர்ச்சி கொடுக்காமல் சும்மா கழிகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 7 முதல் 10 வரை குறைந்துகொண்டே போகுமாம். அரை மணி நேரம் யாரும் தொடாமல் கிடந்தவர், வாசலில் உட்கார்ந்து சீனி கேட்க மாட்டார்.

அம்மா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எண்கள் படிக்கத் தெரியும். தோட்டத்தில் ரப்பர் பால் எடைபோட்ட காலத்திலிருந்தே கிராணி எழுதும் கணக்கைச் சரிபார்த்துப் பழகியவர். 7.24, 7.31 இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "சாப்பிட்டுப் போ" என்றார். அன்றிரவு அம்மா தூங்கினார். அதற்கு முன்பு எப்போது அப்படித் தூங்கினார் என்று எனக்கு நினைவில்லை.

அந்தப் பெண் போன பிறகு, இந்தப் பாரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். இதயம் நின்றவர்களை ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கெடுத்துக்கொண்டிருந்ததால், எந்த முறை பலன் தருகிறது என்று ஒப்பிடவே முடியாமல் இருந்ததாம். 1990-இல் நோர்வேயில் உட்ஸ்டைன் என்ற பழைய மடத்தில் கூடிய மருத்துவர்கள், எல்லாரும் ஒரே மாதிரி எதை எழுதுவது என்று பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். விழுந்ததை யாராவது பார்த்தார்களா, அழைப்பு எப்போது வந்தது, முதலில் நெஞ்சை அழுத்தியது யார், வீடு திரும்பினாரா என்று அந்தப் பெண் கேட்டதெல்லாம் அந்த வழியில் வந்த கேள்விகள். பிறகு 2010-இல் சிங்கப்பூரின் மார்கஸ் ஓங் முதலிய மருத்துவர்கள் ஆசிய நாடுகளுக்காக பாரோஸ் என்ற கூட்டு ஆய்வைத் தொடங்கினார்கள். மலேசியாவும் அதில் இருக்கிறது. 2015-இல் வெளியான அவர்களுடைய கட்டுரையில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 66,780 பேர். அருகில் இருந்தவர்கள் நெஞ்சை அழுத்திக் கொடுத்தது, நாட்டுக்கு நாடு, 10.5 விழுக்காடு முதல் 40.9 விழுக்காடு வரை. உயிரோடு வீடு திரும்பியவர்கள் 0.5 முதல் 8.5 வரை.

அந்தக் கடைசி எண்ணில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அப்பா இப்போது அந்தச் சிறிய பக்கத்தில் இருக்கிறார். அந்தப் பெண்ணின் கையிலிருந்த மற்றத் தாள்களில் பெரும்பாலானவை மறுபக்கத்து வீடுகள். அங்கேயும் போன் செய்து, அதே கேள்வியை அவர் கேட்டாக வேண்டும். அங்கேயும் ஓர் அம்மா அரை மணி நேரம் என்று சொல்லி அழுதிருப்பார். அந்த வேலையை மனசு மரத்துப்போகாமல் எப்படிச் செய்கிறார் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பையனின் கைக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. 1950-களின் கடைசிவரை, நின்ற இதயத்தை இயக்க நெஞ்சைக் கிழித்துக் கையால் பிசைய வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மின்னதிர்ச்சிக் கருவியை ஆராய்ந்துகொண்டிருந்த நிக்கர்பாக்கர் என்ற மாணவர், கனமான அந்தத் தகட்டை நாயின் நெஞ்சில் அழுத்தும்போதே, மின்சாரம் பாய்வதற்கு முன்னாலேயே, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறுவதைக் கவனித்தார். அவர் தேடியது வேறு, கண்ணில் பட்டது வேறு. கோவன்ஹோவன், ஜூட் ஆகியோரோடு சேர்ந்து 1960-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழம் என்பதெல்லாம் பின்னால் வந்த ஆய்வாளர்கள் அளந்து அளந்து சொன்னது. முன்பு கோயில் மண்டபத்தில் நடந்த நெஞ்சழுத்தப் பயிற்சியில் பொம்மையை வைத்துச் சொல்லிக்கொடுத்ததும், போனில் எண்ணிய குரல் வேகத்தைக் கூட்டச் சொன்னதும் அந்தக் கணக்குத்தான். மகாத்மா காந்தி கலாசாலை தமிழ்ப்பள்ளியில் படித்த பையன் நம் லயத்தில் அதைச் செய்திருக்கிறான்.

எனவே ஊராருக்கு இரண்டு வேண்டுகோள்.

ஒன்று, லயத்து வீடுகளுக்கு எண்பலகை. தவுக்கே ஒவ்வொரு முறையும் டார்ச்லைட்டோடு நிற்க முடியாது. பெயின்ட் செலவு என்னுடையது, எழுத ஆள் தேவை. முச்சந்தியிலும் வெளிச்சத்தில் தெரிகிற மாதிரி ஒன்று வைக்க வேண்டும்; நிர்வாகத்திடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு, கோயில் மண்டபத்தில் மறுபடியும் பயிற்சி வைக்கத் தலைவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். தேதி முடிவானதும் அறிவிப்புப் பலகையில் போடுகிறோம். போன முறை இளைஞர்கள்தான் அதிகம் வந்தார்கள். இந்த முறை வீட்டில் இருக்கிற அம்மாக்கள் அவசியம் வர வேண்டும், பகலில் வீட்டில் இருப்பது நீங்கள்தான். முட்டிவலி உள்ளவர்கள் 999-ஐ அழைத்து ஸ்பீக்கரில் போடவாவது கற்றுக்கொண்டு போகலாம். என் அம்மா முதல் ஆளாகப் பேர் கொடுத்தாயிற்று. பொம்மை எதற்கு, நான் படுத்துக்கொள்கிறேன் என்று அப்பா அடம்பிடிக்கிறார். இதயம் துடிக்கிற ஆளின் நெஞ்சில் பழகக் கூடாது என்று பையன் சொல்லிவிட்டான். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களும் வந்து கொஞ்சம் சொல்லுங்கள்.