ஒரு தடவை வந்ததுதானே என்று இருக்காதே

அன்புள்ள யய்யா,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்ன ஒரு பேச்சு என்னைத் தூங்க விடவில்லை. உன் ரூமில் இருக்கிற பையன் டெங்கு வந்து அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்திருக்கிறான் என்றாய். "நீ பத்திரமா இருய்யா" என்றேன். "எனக்குத்தான் சின்னப்பிள்ளையிலயே வந்துட்டேம்மா, இனி எப்படி வரும்?" என்று சிரித்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாய். போனில் எதைச் சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால் நோட்டில் எழுதுகிறேன். உன் தங்கச்சி போட்டோ எடுத்து அனுப்புவாள். முழுசாகப் படி.

இனி வராது என்று நினைக்கிறாயே, அது தப்பு. டெங்குக் கிருமியில் நாலு வகை உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகை மறுபடி வராது, அவ்வளவுதான். மற்ற மூணும் அப்படியே பாக்கி. அதிலும் இரண்டாவது தடவை வேறு வகை வந்தால், முதல் தடவையைவிட மோசமாகப் போக வாய்ப்பு அதிகம். முதல் காய்ச்சலில் உடம்பு உண்டாக்கி வைத்த எதிர்ப்பு, புது வகைக் கிருமியைக் கொல்ல முடியாமல் வெறுமனே அதோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிக்கொண்டால் அந்தக் கிருமி ரத்த அணுவுக்குள் இன்னும் லேசாக நுழைந்துவிடுமாம். டிரெயினிங்கில் இதைக் கேட்டபோது உன் ஞாபகம்தான் வந்தது. வீடுவீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கிற இந்த வேலைக்கு நான் வந்ததே உன்னால்தான். அந்தக் கதை உனக்குப் பாதிதான் தெரியும்.

2012. நீ மூணாம் வகுப்பு. அந்த வருஷம் தமிழ்நாட்டில் 12,000 பேருக்கு மேல் டெங்கு. பேப்பரைத் திறந்தால் கடையநல்லூர் பேர்தான். மூணு நாள் உனக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதாய். பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வலிக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். நாலாம் நாள் காலையில் தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. ஒன்றரை இட்லி தின்றாய். அப்பாடா என்று நான் பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மூணு நாளாகக் கடைக்கு பீடி கொடுக்கவில்லையே என்ற கவலை எனக்கு.

மத்தியானம் நீ சுவரோரமாகச் சுருண்டு படுத்திருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். வயிறு வலிக்கிறது என்றாய், இட்லி சேரவில்லை என்று நினைத்தேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தாய். காலையிலிருந்து நீ ஒண்ணுக்குப் போகவே இல்லை, அதை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்து வீட்டு அக்கா முறம் கேட்க வந்தவள் உன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்ட ஒடம்பு இப்படிச் சில்லுன்னு இருக்கக்கூடாதுட்டி, தூக்குப் பிள்ளைய" என்றாள். பீடி இலை எல்லாம் வாசல்வரை சிதறிக் கிடக்க ஆட்டோவில் ஏறினோம்.

உன் ரூம் பையனைப் பற்றிக் கேட்டாயே, "காய்ச்சல் விட்ட அன்னிக்குப் போய் ஏம்மா அட்மிட் பண்ணுனாங்க" என்று. இதனால்தான் யய்யா. மூணாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும். இறங்குகிற அந்த ஒன்று, இரண்டு நாளில்தான் சிலபேருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசிய ஆரம்பிக்கும். உள்ளே ரத்தம் கெட்டியாகும், பிரஷர் இறங்கும், கை கால் சில்லிடும். வெளியே பார்த்தால் பிள்ளை தேறிவிட்ட மாதிரிதான் இருக்கும்.

உன் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "பிளேட்லெட் எத்தனை, பிளேட்லெட் எத்தனை" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யாரோ சொன்னார்கள் என்று பப்பாளி இலை தேடிப் போனார். டாக்டரோ பிளேட்லெட்டோடு பி.சி.வி. என்கிற இன்னொரு கணக்கையும் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து, அதை வைத்துத்தான் டிரிப்ஸைக் கூட்டவும் குறைக்கவும் செய்தார். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்பதைச் சொல்கிற கணக்கு அது. கசிந்த நீர் இரண்டு நாளில் தானாக ரத்தத்துக்குத் திரும்பி வருமாம். அந்த நேரத்தில் டிரிப்ஸ் அதிகமாக ஏற்றினாலும் ஆபத்துதான், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு, "ஏன் சார் டிரிப்ஸைக் குறைக்கீங்க, என் பிள்ள பிழைக்காதா" என்று அந்த டாக்டரின் சட்டையைப் பிடிக்காத குறை.

அதனால், உனக்கு எப்போது காய்ச்சல் வந்தாலும், வந்த நாளையும் நேரத்தையும் போனில் குறித்துவை. டாக்டரிடம் போனதும் முதல் வார்த்தையாக "எனக்கு முன்னாடி ஒரு தடவை டெங்கு வந்திருக்கு" என்று சொல். டெஸ்ட் எழுதிக் கொடுத்தால், முதல் அஞ்சு நாளுக்குள் என்.எஸ்.1 பார்ப்பார்கள். அதற்குப் பிறகு ஐ.ஜி.எம். என்ற டெஸ்ட்தான் சரிப்படும். மாத்திரை பாரசிட்டமால் மட்டும், ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு. மெடிக்கலில் உடம்புவலிக்கு என்று கேட்டு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் வாங்கிப் போட்டுவிடாதே. ரத்தக் கசிவை அது கூட்டிவிடும். வலி ஊசியும் வேண்டாம், அன்றைக்கு உனக்குப் போட்டது அந்த ஊசிதானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இரு. நிலவேம்புக் கசாயம் குடிக்காதே என்று நான் சொல்லவில்லை, கசாயம் குடித்தாயிற்று என்று ரூமிலேயே படுத்துக் கிடக்காதே என்றுதான் சொல்கிறேன். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், ஒரே மயக்கம், ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது, இதில் ஒன்று வந்தாலும் மணி என்ன என்று பார்க்காதே. ராத்திரியோ பகலோ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. ஆட்டோ காசு நான் தருகிறேன்.

இனி உன் ரூம் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பையனைக் கடித்த கொசு ரொம்பத் தூரத்திலிருந்து பறந்து வந்திருக்காது. டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு நூறு, இருநூறு மீட்டரைத் தாண்டிப் போவது அபூர்வம். உங்கள் மாடியிலோ பக்கத்து மாடியிலோதான் அது பிறந்திருக்கும். காய்ச்சலோடு அவன் ரூமில் கிடந்த நாளில் அவனைக் கடித்த கொசு, எட்டு முதல் பன்னிரண்டு நாளில் உன்னைக் கடித்துப் பரப்பத் தயாராகிவிடும். நீ ராத்திரி ஷிப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவன். அதுவோ பகலில் கடிக்கிற கொசு. அதனால் பகலானாலும் வலையைக் கட்டிக்கொண்டு தூங்கு.

எங்கள் தெருவில் எந்த வீட்டில் போய் நின்றாலும், "சாக்கடைதான் கொசு, அங்க போய் மருந்து அடிங்க" என்பார்கள். இந்தக் கொசுவுக்குச் சாக்கடை ஆகாது. நல்ல தண்ணீர்தான் வேண்டும். போன வாரம் ஒரு டீச்சர் வீடு. தரையில் முகம் பார்க்கலாம், அவ்வளவு சுத்தம். "எங்க வீட்ல கொசுவே கிடையாது" என்றார்கள். பிரிட்ஜை இழுத்து, பின்னால் தண்ணீர் வடிகிற தட்டில் டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் நூல் நூலாக நெளிந்துகொண்டு அடிக்கு ஓடியது. அந்த அம்மா அதற்கு மேல் பேசவில்லை, காபி போட்டுக் கொடுத்தார்கள்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்றும் நினைக்காதே. முட்டை தண்ணீருக்குள் இருக்காது, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் சுவரில் கறுப்பு மிளகுத்தூள் மாதிரி ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாசக்கணக்கில் அப்படியே கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துத்தான் கழுவ வேண்டும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள். வாரம் ஒரு நாள் தேய்த்தால் அதற்குக் கணக்குத் தப்பிப்போகும். லாரித் தண்ணீர் பிடிக்கிற டிரம், பாத்ரூம் பக்கெட், ஏர்கூலர் தொட்டி எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடு. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்யும்போது மொட்டைமாடியையும் ஒருமுறை சுற்றிப் பார். ஹவுஸ் ஓனரிடம் டேங்க் மூடியைப் பற்றிச் சொல். கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

தங்கச்சி போனில் உன் ரூம் படம் ஒன்று காட்டினாள். ஜன்னலில் பழைய சரக்கு பாட்டில் ஒன்றில் மணிபிளாண்ட் வைத்திருக்கிறீர்கள். அது என்ன பாட்டில் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் மாற்றி எத்தனை நாள் ஆகிறது? இன்றைக்கு ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை அதன் பக்கத்தில் பிடித்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பு. நெளிந்தால் எனக்குத் தெரியும்.

அம்மா