சமூகப்பணிச் சொற்களுக்கு அகராதிப் பொருள் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் சமூகப்பணி, சமூகநலக் கலைச்சொற்களைத் தொகுத்து நான்கு பக்கம் வெளியிட்டிருந்தீர்கள். இந்தத் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு அதைப் பார்த்ததும் பெரிய மகிழ்ச்சி. மாணவர்கள் பலர் அந்தப் பக்கங்களை வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள். அதனால்தான் சில இடங்களைத் திருத்தச் சொல்லி எழுதுகிறேன்.

முதலில் தலைப்பு. சமூகப்பணியையும் சமூக சேவையையும் ஒரே பொருளில் எழுதியிருக்கிறீர்கள். வெள்ளத்தில் வீடிழந்த குடும்பத்துக்குப் போர்வை கொடுப்பது சேவை. மனமிருந்தால் யாரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். அதே குடும்பத்தோடு ஆறு மாதம் கூட இருந்து, தொலைந்த ஆவணங்களை மீட்கவும், இழப்பீட்டுக்கு மனு போடவும், பயந்துபோன பிள்ளையைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பவும் துணை நிற்பது சமூகப்பணி. அதற்குப் படிப்பு உண்டு, களப்பயிற்சி உண்டு, மீறக்கூடாத நெறிமுறைகள் உண்டு. உதவப் போகிறவர் முதலில் ஒருவரது நிலையை முறையாக விசாரித்து அறிய வேண்டும் என்று அமெரிக்காவின் மேரி ரிச்மண்ட் 1917இலேயே ஒரு பெரிய நூல் எழுதினார். இன்றும் நம்மில் பலர் 'நீங்க சேவை செய்றவங்கதானே, சம்பளம் எதுக்கு?' என்று கேட்பதற்கு இந்தச் சொல் குழப்பமும் ஒரு காரணம்.

அடுத்தது 'சுயநிர்ணயம்'. தமிழில் இந்தச் சொல்லைக் கேட்டால் தேசிய இனங்களின் உரிமைதான் நினைவுக்கு வரும். தனிநபர் சமூகப்பணியில் இதன் பொருள் வேறு. அமெரிக்கச் சமூகப்பணி அறிஞர் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு நெறிகளில் இது ஒன்று: தன் வாழ்க்கை பற்றிய முடிவைத் தானே எடுக்கும் உரிமை. நான் 'தன் முடிவுரிமை' என்று எழுதுவேன். இதன் பொருளை நான் ஒரு தவறு செய்துதான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கணவன் அடித்துக் கை முறிந்த ஒரு பெண்ணை மருத்துவமனையில் சந்தித்தேன். காப்பகத்தில் இடம் பேசி முடித்துவிட்டு, 'நாளைக்கே கிளம்பிடலாம்' என்றேன். அவர் வீட்டுக்குத்தான் போவேன் என்றார். எனக்குக் கோபம் வந்தது, அதை முகத்தில் காட்டியும்விட்டேன். அவர் போனவர் போனவர்தான், அப்புறம் வரவே இல்லை. என் மேற்பார்வையாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'ஏன் திரும்பப் போறாங்கன்னு கேட்டியா?' நான் கேட்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தார்களா, கையில் காசில்லையா, வெளியேறினால் கொன்றுவிடுவேன் என்று அவன் மிரட்டியிருந்தானா, எனக்கு எதுவும் தெரியாது.

தன் முடிவுரிமையை மதிப்பது 'உங்க இஷ்டம்' என்று சொல்லிக் கைகழுவுவதாக ஆகிவிடக் கூடாது. இருக்கும் வழிகளை எல்லாம் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் உள்ள ஆபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் திரும்பிப் போவதென்று முடிவெடுத்தால், அடி விழும் நிலை வந்தால் எங்கே ஓடுவது, யாரைக் கூப்பிடுவது என்று அவரோடு சேர்ந்து திட்டமிட வேண்டும். மறுபடி வர அவருக்குத் தயக்கமில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொகுப்பில் இதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள்.

'இரகசியம் காத்தல்' என்பதற்கு எதிரே 'எந்நிலையிலும் வெளியிடாமை' என்று இருக்கிறது. இது ஆபத்தான பிழை. ஒருவர் தன் உயிரையோ பிறர் உயிரையோ போக்கும் நிலையில் இருந்தால், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவது தெரிந்தால், சொல்ல வேண்டியவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே விளக்கிவிடுவது எங்கள் வழக்கம்.

இரக்கம், ஒத்துணர்வு இரண்டையும் ஒன்றாக்கியதையும் பிரித்துவிடுங்கள். 'ஐயோ பாவம்' என்பது இரக்கம். அவர் நின்ற இடத்தில் நின்று பார்க்க முயல்வது ஒத்துணர்வு.

எனக்கு அதிகம் வலித்தது 'பயனாளி' என்ற சொல்தான். உதவி நாடி வருபவர் எல்லாரையும் தொகுப்பு அப்படியே அழைக்கிறது. கொடுப்பவர் ஒருவர், கைநீட்டிப் பெறுபவர் ஒருவர் என்ற காட்சியை அந்தச் சொல் மனதில் பதிய வைத்துவிடுகிறது. அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தின் 1834ஆம் ஆண்டு ஏழையர் சட்டத்தில் ஒரு கொள்கை இருந்தது: உதவி பெறுபவரின் நிலை, மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவரின் நிலையைவிட மோசமாகவே இருக்க வேண்டும். உதவி வேண்டுமா, ஏழைகளைத் தங்கவைத்து வேலை வாங்கும் பணி இல்லத்துக்குள் வா என்றார்கள். உள்ளே கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியே பிரித்து வைத்தார்கள். வறுமையைக் குற்றமாகப் பார்த்த அந்தப் பார்வை சட்டத்தோடு போய்விடவில்லை. மனுவோடு வரிசையில் நிற்கிறவரை அதட்டும் குரலில் அதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். உளவளத்துணையில், அதாவது மன ஆலோசனைத் துறையில், வழங்கும் 'துணைநாடி' எனக்குப் பிடித்த சொல். 'சேவை பெறுநர்' என்றாலும் சரி.

இதோடு சேர்த்து, 'எச்ச நலம்', 'நிறுவன நலம்' என்ற இரண்டையும் விளக்க வேண்டும். இப்போது இருக்கிறபடி படித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது. அமெரிக்க ஆய்வாளர்கள் விலென்ஸ்கியும் லெபோவும் 1958இல் காட்டிய வேறுபாடு இது. குடும்பமும் சந்தையும் கைவிட்ட பிறகு மட்டும் அரசு வந்து தாங்குவது முதல் வகை. நோய், முதுமை, வேலையிழப்பு யாருக்கும் வரும், எனவே நலச்சேவை எல்லாருக்குமான இயல்பான ஏற்பாடு என்பது இரண்டாவது. 'இலவசம்' பற்றிய நம் சண்டைகளில் பாதி, இந்த இரண்டில் எதைப் பேசுகிறோம் என்று சொல்லாமலேயே நடக்கிறது.

கடைசியாக, குறைபாடு, இயலாமை இரண்டுக்கும் ஒரே பொருள் கொடுத்திருக்கிறீர்கள். பிரிட்டனில் உடல் குறைபாடு உள்ளவர்கள் தாங்களே நடத்திய ஓர் இயக்கம் 1976இல் இவற்றைப் பிரித்துக் காட்டியது. ஒருவருக்கு நடக்க முடியாத கால் இருப்பது குறைபாடு. சாய்தளம் கட்டாமல் படிக்கட்டு மட்டும் கட்டி அவரை வாசலிலேயே நிறுத்துவது சமூகம் உண்டாக்கும் இயலாமை. எதைச் சரிசெய்யப் போகிறோம் என்பதே இந்தப் பிரிவைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

திருத்திய தொகுப்பை வெளியிடுவீர்கள் என்று நம்புகிறேன். அச்சுக்குப் போகும் முன், உதவி நாடி அலுவலகங்களுக்குப் போய்வந்த நாலைந்து பேரிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். தங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற சமூகப்பணியாளர், உங்கள் வாசகி