கொங்கு ஊர்களின் பார்லர் அக்காமார்களுக்கு, மருந்துக் கடையிலிருந்து ஒரு மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் நகரங்களிலும் கோபி, பொள்ளாச்சி, தாராபுரம், காங்கேயம் போன்ற ஊர்களிலும் அழகு நிலையம் நடத்தும் அக்காமார்களுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கமுங்க.

நான் கோபிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட்டாக இருப்பவள். ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லை. ஆவணி பிறந்துவிட்டால் உங்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. அதனால் இப்போதே எழுதுகிறேன். அரசாங்கத்துக்கு எழுதலாமே என்று கடைக்கு வருகிறவர்கள் சிலர் சொன்னார்கள். எழுதலாம்தான். ஆனால் நம் ஊரில் ஒரு பெண் தன் முகத்தில் வந்த மாற்றத்தை முதலில் காட்டுவது உங்களிடம். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு கன்னத்தில் மங்கு என்கிற கருந்திட்டு வந்தால், பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி தோல் பிரிவுக்குப் போக அவளுக்கு ஒரு நாள் சம்பளம் போகும். உங்கள் கடை தெருமுனையிலேயே இருக்கிறது, கம்பெனி விட்டு வந்த பிறகும் திறந்திருக்கிறது, உள்ளே அவள் அக்கா என்று கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். கலெக்டர் போடும் உத்தரவைவிட உங்கள் வாய்ச்சொல்லைத்தான் அவள் கேட்பாள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். உங்கள் வேலை எதுவோ அதை நன்றாகச் செய்யுங்கள். மருந்து, ஊசி, லேசர் என்று வந்தால் "இது நம்ம வேலை இல்லை கண்ணு, டாக்டரைப் பாரு" என்று சொல்லி அனுப்புங்கள்.

எங்கள் கடைக்குத் துண்டுச் சீட்டுகள் வருகின்றன. பார்லர் விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ஒரு க்ரீமின் பெயர், கீழே "ராத்திரி மட்டும்" என்ற குறிப்பு. பல சீட்டுகளில் இருப்பது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் டியூபின் மேல் பொடி எழுத்தில் இருக்கும். சிலவற்றில் மொமெட்டசோனோடு ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருக்கும். அந்த மூன்று மருந்துக் கலவை மங்குக்கு டாக்டர்கள் கொடுப்பதுதான், பொய்யில்லை. ஆனால் அவர்கள் அதைச் சில வாரங்களுக்கு மட்டும், நடுவில் பார்த்துப் பார்த்துக் கொடுப்பார்கள். வருடக்கணக்கில் முகத்துக்கு பவுடர் போடுவது போலப் பூசுவதற்கு அது உண்டான பொருள் இல்லை.

பூசத் தொடங்கிய முதல் மாதத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிடும். உங்கள் கைராசி என்று ஊரெல்லாம் பேச்சாகும். சில மாதம் போனால் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவந்த நரம்பு கோடு கோடாகத் தெரியும், பரு கிளம்பும், பூனைமுடி அடர்த்தியாகும். நிறுத்தினால் முகம் தீயாக எரியும். எரிச்சல் தாங்காமல் அதே டியூபைத் தேடி மறுபடி வருவாள். ஸ்டீராய்டால் கெட்டுப்போன இப்படிப்பட்ட முகத்துக்கு நம் நாட்டுத் தோல் மருத்துவர்கள் தனியாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், எத்தனை முகங்களை அவர்கள் பார்த்திருக்க வேண்டும் என்று யோசியுங்கள். 2018ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கும் எங்கள் தொழில்காரர்கள் மேலும் தப்பு உண்டு. அதை எங்கள் சங்கக் கூட்டத்திலும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதிக் கொடுப்பதை நீங்கள் நிறுத்தினால் பாதி வேலை முடியும்.

இதைவிட எனக்கு வெசனம் தருவது லேபிள் இல்லாத டப்பா. "நைட் க்ரீம், நாங்களே தயார் பண்ணினது" என்று சொல்லி விற்கப்படும் வெள்ளை டப்பாவும், எந்த நாட்டு எழுத்து என்றே தெரியாத அட்டைப் பெட்டியில் வருவதும். ஒரு வாரத்திலேயே நிறம் கொடுக்கும் க்ரீம் என்றால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம், பாதரசம் இருக்கலாம். பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கும், அதனால்தான் பளபளப்பு. ஆனால் அது தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் சேரும்.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் மலப்புறம் மாவட்டம் அதிக தூரமில்லை. அங்கே கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது நெல்-1 என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். பெரும்பாலானவர்களுக்கு க்ரீமை நிறுத்திய பிறகு நோய் தணிந்தது என்பது ஒரு ஆறுதல். இனி ஒரு வாடிக்கையாளர் "கால் வீங்குதுங்க்கா, ஒண்ணுக்குப் போனா நுரையா வருது" என்று பேச்சுவாக்கில் சொன்னால், என்ன க்ரீம் பூசுகிறாய் என்று கேளுங்கள்.

நல்ல க்ரீமை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. தயாரித்தவர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவு எண்ணும் வேண்டும். முகத்தில் பூசும் க்ரீமில் பாதரசம் சேர்க்க நம் நாட்டுச் சட்டத்தில் அனுமதி கிடையாது. லேபிள் இல்லாததை விற்று நாளைக்கு ஒரு முகம் கெட்டால், கேள்வி கேட்க வருகிறவர்கள் உங்கள் கடைக்குத்தான் வருவார்கள். சப்ளை பண்ணினவர் போனை எடுக்க மாட்டார்.

அடுத்தது மெஷின். தவணையில் லேசர் மெஷினைத் தலையில் கட்டிவிட்டு, இரண்டு நாள் டிரெய்னிங் என்று ஒரு சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். குழுக் கடன் வாங்கி மெஷின் எடுத்த தங்கச்சி ஒருத்தியை எனக்குத் தெரியும். அவளைக் குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் விஷயம் இதுதான். முடி எடுக்கும் லேசர் கறுப்பு நிறமியைத் தேடிப் போய்ச் சுடுகிறது. வெள்ளைத் தோலில் நிறமி முடியின் வேரில்தான் அதிகம். நம் மாநிறத் தோலில் மேலேயே நிறைய இருப்பதால் அளவு கொஞ்சம் தப்பினாலும் தோல் வெந்துவிடும். நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் வகை லேசர் பாதுகாப்பானது என்பார்கள். அதிலும் அளவு வைக்கத் தெரிந்தவர் கை வேண்டும். அமிலம் தடவித் தோலின் மேல்பகுதியை உரிக்கும் பீலும் அப்படித்தான். கிளைகாலிக் அமிலம் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் கரும்புள்ளியைப் போக்க வந்தவள் கருந்திட்டோடு போவாள். நம் தோல் புண்ணானால் ஆறும்போது கறுத்துத்தான் ஆறும், அது அதன் இயல்பு. மரு சுடுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊசியைப் பற்றிப் பேச்சே வேண்டாம். வெள்ளையாக்க குளூட்டத்தையோன் டிரிப்ஸ் என்று பார்லரிலேயே ஏற்றுகிறார்களாம். தோலை வெளுக்க வைக்க எந்த ஊசி மருந்துக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அனுமதி கொடுத்ததில்லை. அதே அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் சொந்த ரத்தத்தை எடுத்து முகத்தில் ஊசியால் குத்தும் பேஷியல் செய்துகொண்ட பெண்களில் மூன்று பேருக்காவது எச்.ஐ.வி. தொற்றியது அந்த இடத்தில்தான் என்று 2024ல் அறிக்கை வந்தது. அந்த ஸ்பா மூடப்பட்டது 2018ல். நம் ஊரில் தோலைக் குத்தும் சிகிச்சை தருகிற இடம், 1997ம் வருடத்து மருத்துவ நிறுவன ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட மருத்துவ இணை இயக்குநரிடம் பதிவு செய்த கிளினிக்காக இருக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கிற தொழில் உரிமம் அதற்குச் செல்லாது.

இவ்வளவும் வேண்டாம் என்றால் பார்லரில் மிச்சம் என்ன என்று கேட்பீர்கள். நிறைய மிச்சம் இருக்குங்க. புருவம், வேக்சிங், முடி, கை கால் பராமரிப்பு, மணப்பெண் அலங்காரம், மனசு விட்டுப் பேச ஒரு நாற்காலி. இவற்றுக்கு எந்த டாக்டரும் போட்டிக்கு வர மாட்டார். சுத்தம் மட்டும் கூடட்டும். த்ரெட்டிங் நூலைப் பல்லில் கடிக்காமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். ஒருவர் தோலில் பட்ட வேக்ஸ் குச்சியை மறுபடி டப்பாவில் விடக் கூடாது. நீல விளக்கு எரிகிற பெட்டியில் வைத்தால் கருவி சுத்தமாகிவிடாது. ரத்தம் படக்கூடியதை, அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோக்ளேவில் வேக வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிறதை வாங்குங்கள். நீங்களும் உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று உண்டு. அதை உங்களைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது. ஒரு பெண்ணின் கழுத்தையும் தாடையையும் முதுகையும் அவ்வளவு கிட்டத்தில், நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறவர் நீங்கள்தான். பின்கழுத்து கறுத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி இருந்தால் அதை ஸ்க்ரப் போட்டுத் தேய்க்காதீர்கள். அது அழுக்கு இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள், காசு ஆகாது. தாடையில் திடீரென்று தடித்த முடி முளைத்து மாதவிலக்கும் தள்ளிப் போகிறது என்றால் லேசர் பேக்கேஜுக்கு முன்னால் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கட்டும். பொட்டு வைக்கிற இடத்தில் மட்டும் வெளுத்திருந்தால் ஸ்டிக்கர் பொட்டின் பசை காரணமாக இருக்கலாம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வெளுத்த தேமல் பெரும்பாலும் சாதாரணத் தேமல்தான், பயமுறுத்த வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் தொட்டால் உணர்ச்சியே இல்லை என்றால் தாமதிக்காமல் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். தொழுநோயாகவே இருந்தாலும் மாத்திரை இலவசம், முழுக்கக் குணமாகும்.

மங்கோடு வருகிறவளுக்கும் நேராகச் சொல்லிவிடுங்கள், பேஷியலால் மங்கு போகாது. குன்னத்தூரிலிருந்து திருப்பூருக்கு ஸ்கூட்டியில் வெயிலில் போய் வருகிறவளுக்கு மாதம் ஒரு முறை வெயில் கறுப்பைப் போக்க டீ-டான் பண்ணுவதைவிட ஒரு சன்ஸ்க்ரீன் டியூப் பலன் தரும். எஸ்.பி.எஃப். 30க்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு சேர்ந்த நிறச் சன்ஸ்க்ரீன் இன்னும் நல்லது, வெயிலின் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம்கூட மங்கைக் கூட்டும். நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மாதவிலக்கு நிற்கும் சமயத்தில் தோல் வறண்டு போகும், நம் போர்வெல் உப்புத் தண்ணியில் குளித்தால் இன்னும் மோசம். குளித்த ஈரம் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரோ தடவச் சொன்னால் போதும். ஆன்ட்டி ஏஜிங் பேக்கேஜ் எல்லாம் அப்புறம்.

கல்யாணப் பெண்ணுக்குப் புதிதாக எதைச் செய்வதானாலும் ஒரு மாதத்துக்கு முன்பே செய்து பாருங்கள். ஒரம்பரை எல்லாம் கூடி நிற்க, விடியற்காலை முகூர்த்தத்தில் வீங்கிய முகத்தோடு பெண்ணை மேடை ஏற்ற யாருக்கும் ஆசை இருக்காது. முடிச்சாயத்தைக் காதுக்குப் பின்னால் தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுத் தலையில் போடுங்கள். கறுப்பு மருதாணி கோன் வேண்டவே வேண்டாம். அதில் முடிச்சாயத்தில் இருக்கிற பிபிடி என்ற ரசாயனம் இருக்கும், கொப்புளம் போட்டுவிடும்.

டாக்டரிடம் அனுப்பினால் அங்கே மட்டும் என்ன ஒழுங்கு என்று ஒரு அக்கா என்னிடமே கேட்டார். நியாயமான கேள்வி. பளபளவென்று கண்ணாடி போட்ட கிளினிக்கில் போர்டில் டாக்டர் பெயர் இருக்கும், கை வைப்பது வேறு யாரோ. ஆறு தவணைப் பணத்தை முதலிலேயே கட்டச் சொல்வார்கள். அதனால் அனுப்பும்போது மூன்று கேள்வி சொல்லி அனுப்புங்கள். லேசர் வைக்கும்போது டாக்டர் அறையில் இருப்பாரா? அவர் படிப்பு எம்.டி. தோல் மருத்துவமா, இல்லை வெறும் காஸ்மெட்டாலஜி சர்டிபிகேட்டா? முதல் தவணைக்கு மட்டும் பணம் கட்டலாமா? டாக்டர் பதிவைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலின் தளத்தில் பெயரைப் போட்டே பார்த்துவிடலாம். செலவு கட்டாது என்றால் பெருந்துறை, கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல் என்று எல்லாப் பக்கமும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது.

கடைசியாக ஒரு காரியம். உங்கள் கடையில் இருக்கிற க்ரீம் டப்பாக்களை ஒரு பையில் போட்டு, பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த பார்மசிஸ்ட்டிடம் கொண்டு போய்க் காட்டுங்கள். எங்கள் கடைக்கு வந்தாலும் சரி, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் இருக்காது, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்கிறேன். ஏற்கெனவே அந்த க்ரீமைப் பூசிக்கொண்டிருக்கும் வாடிக்கையாளர்களிடம் மட்டும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். ஸ்டீராய்டாக இருந்தால் டாக்டர் சொல்கிற கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பாதரசம் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு, ஒரு சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கோபிப் பக்கத்து மருந்துக் கடைக்காரி