எந்த 384 வீடு? வன்னிக்கு வினாக்கொத்தோடு வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வன்னியில் ஆய்வு செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கும், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கும், இவர்களுக்குக் காசு தரும் கொடையாளர்களுக்கும்,

வணக்கம். நான் கிளிநொச்சிப் பக்கம் உயர்தரப் பிள்ளைகளுக்கு வணிகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிறவன். உங்கள் அறிக்கைகளை வகுப்பில் உதாரணத்துக்கு எடுப்பேன், சொந்த ஊர்க் கணக்கென்றால் பிள்ளைகள் கொஞ்சம் நிமிர்ந்து இருப்பார்கள் என்பதால். அப்படி அண்மையில் எடுத்த ஒன்றை வாசித்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: "சேர், 384 வீடு எண்டு போட்டிருக்கு, எந்த 384 எண்டு ஒரு இடத்திலயும் போடேல்லையே?"

போடவில்லைதான். முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தோம்.

384 எங்கிருந்து வருகிறது என்பது எங்களுக்குத் தெரியும். 95 வீத நம்பிக்கை, ஐந்து வீதப் புள்ளி முன்பின், விகிதம் தெரியாததால் பாதி என்று எடுத்துக்கொள்வது, 95 வீதத்துக்குரிய 1.96இன் வர்க்கத்தை 0.25ஆல் (பாதி × பாதி) பெருக்கி 0.0025ஆல் (0.05இன் வர்க்கம்) வகுத்தால் 384.16. (முறைப்படி மேலே தட்டி 385 என்று எடுக்க வேண்டும், அதை விடுங்கள்.) 1970இல் கிரேசியும் மோர்கனும் மாதிரி அளவுக்கென்று போட்ட அட்டவணையைப் பார்த்து எழுதினாலும் இதே எண்தான் வரும். குடித்தொகை ஒரு லட்சமோ இரண்டு கோடியோ, எண் அசையாது. இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இந்தச் சூத்திரத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: ஒவ்வொரு வீட்டுக்கும் மட்டுமல்ல, எந்த 384 வீடுகளின் சேர்க்கைக்கும் தெரிவாகும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும், அதாவது எளிய எழுமாற்று மாதிரி. ஏ9 வீதியில் வாகனத்தை நிறுத்தி, இறங்கி நடக்கக்கூடிய தூரத்தில் திறந்திருந்த படலைகளைத் தட்டினால் அந்த நிபந்தனை அங்கேயே முடிந்துவிடுகிறது. 384 மட்டும் அறிக்கையில் அப்படியே நிற்கிறது.

எழுமாற்றாக எடுக்க முதலில் ஒரு பட்டியல் வேண்டும், அதைத்தான் மாதிரிச் சட்டகம் என்கிறோம். இந்த விஷயத்தில் வன்னி வில்லங்கமான இடம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 1981க்குப் பிறகு 1991இல் குடிசன மதிப்பீடே நடக்கவில்லை, 2001இல் நடந்தபோது கிளிநொச்சியும் முல்லைத்தீவும் முழுமையாக எண்ணப்படவில்லை, 2012இல்தான் மறுபடி எண்ணினார்கள். இடையில் ஊர்களே இடம்மாறி வந்தன. வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கும், ஆள் கொழும்பிலோ கட்டாரிலோ இருப்பார். காட்டோரமாகப் புதிதாகக் கொட்டில் போட்டவர் ஆளாக இருப்பார், பட்டியலில் இருக்கமாட்டார். கிராம அலுவலரின் பட்டியல் ஓரளவு உண்மைக்குக் கிட்ட நிற்கும், ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு ஊரை ஒருமுறை சுற்றி விடுபட்டதைச் சேர்த்துவிட்டுத்தான் எழுமாற்றெண் போட வேண்டும். கிளிநொச்சி மாவட்டத்தில் இருப்பது 95 கிராம அலுவலர் பிரிவுகள், முடியாத வேலையே இல்லை.

பட்டியல் இல்லாவிட்டால் ஊர் நடுவில் நின்று பேனையைச் சுழற்றி, அது காட்டும் திசையில் போ என்று ஒரு முறை உண்டு. தடுப்பூசிக் கணக்கெடுப்புக்காக, 30 கொத்து, கொத்துக்கு 7 பிள்ளை என்று உலக சுகாதார நிறுவனம் பரப்பியது. அவசரத்துக்கு நல்லது. ஆனால் ஊர் நடு என்பது எங்கள் பக்கம் பள்ளிக்கூடமும் கோயிலும் சங்கக் கடையும் இருக்கும் இடம், அதைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கிணறும் கல்வீடும் முதலிலேயே கிடைத்துவிட்டன. அங்கிருந்து தொடங்கினால் குளக்கட்டுக்கு அப்பால் இருப்பவரின் முறை வரவே வராது. அப்புறம் நேரம். காலை பத்து மணிக்கு வந்தால் கூலிக்குப் போனவர், கடலுக்குப் போனவர், ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிய பிள்ளை எல்லோரும் வெளியே, வாசலில் அம்மம்மாதான் இருப்பார். அவர் சொல்வதை வைத்துக்கொண்டு "இளைஞர் வேலையின்மை" என்று அத்தியாயம் எழுதுகிறீர்கள்.

"மாதிரியைப் பெரிதாக்கினால் சரியாகிவிடும்" என்று உங்கள் ஆள் ஒருவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். அதற்குத்தான் இந்த மடலே.

வகுப்பில் நாங்கள் செய்வது இது: ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஏ9 வீதிக்கு எத்தனை கிலோமீற்றர் என்று துண்டில் எழுதிப் பால்மாப் பேணிக்குள் போடும். குலுக்கி ஐந்து துண்டு எடுத்து இடையை (சராசரியை) கண்டு, துண்டுகளைத் திரும்பப் போட்டு, பேணியை அடுத்தவரிடம் கொடுப்பது. இடைகளைக் கரும்பலகையில் புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் ஒரு குவியல் எழும்பும், அதன் நடு முழு வகுப்பின் இடைக்குக் கிட்ட நிற்கும். அந்தக் குவியல்தான் மாதிரிப் பரம்பல், அதன் அகலத்தை அளப்பது நியம வழு. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்த கோசெற் 1908இல் வெளியிட்ட கட்டுரைக்காக இதையே பெரிதாகச் செய்தார். 3000 கைதிகளின் உயரத்தையும் இடது நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதிக் குலுக்கி, நான்கு நான்காக 750 மாதிரிகள். இனி பேணியிலிருந்து வீதியோரப் பிள்ளைகளின் துண்டுகளை மட்டும் எடுத்து அதே விளையாட்டை ஆடுங்கள். இன்னும் அழகான, இன்னும் ஒடுங்கிய குவியல் வரும், பிழையான இடத்தில். ஐந்துக்குப் பதில் பத்துத் துண்டு எடுத்தால் அந்தப் பிழையான இடத்திலேயே இன்னும் ஒடுங்கும். நீங்கள் போடும் "முன்பின் ஐந்து வீதம்" இந்த ஒடுக்கத்தை மட்டும்தான் சொல்கிறது. குவியல் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது.

சரி, எழுமாற்றாகவே 20 ஊர் எடுத்து ஊருக்கு 20 வீடு பார்த்தீர்கள் என்று வைப்போம். 400 வீடு, ஆனால் 400 வீட்டுக்குரிய தகவல் இல்லை. ஒரே வாய்க்காலில் தண்ணி எடுப்பவர்களின் விளைச்சலும் கடனும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரே ஊர் வீடுகளுக்கிடையிலான அந்த ஒற்றுமை (இல்லவே இல்லையென்றால் 0, முழுதும் ஒன்றென்றால் 1) 0.1 என்றால், ஊருக்கு 20 வீட்டில் ஒன்று கழித்த 19ஐ எடுத்து, 1ஐயும் 19 × 0.1ஐயும் கூட்டி 2.9, 400ஐ அதனால் வகுத்தால் 138. முன்பின் ஐந்து என்று எழுதியது உண்மையில் எட்டுக்கு மேலே. அதே 400ஐ 50 ஊரில் எட்டெட்டாகப் பிரித்தால் 235 வரைக்கும் ஏறும். டீசல் செலவு கூடும்தான், தெரியும்.

இதெல்லாம் வெளிநாட்டுப் புதினமில்லை. குடிசன மதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் போகத்துக்குப் போகம் எங்கள் வயல்களிலேயே பயிர்வெட்டு ஆய்வு செய்கிறது. எழுமாற்றாகத் தெரிவான வயலில் ஒரு சிறு துண்டை அளந்து, அதை மட்டும் வெட்டி, சூடடித்து, நிறுப்பார்கள். கதிர் நல்லாய்ச் சாய்ந்த மூலையைக் காட்டி "இதில வெட்டுங்கோ" என்று வயற்காரர் ஆசைப்படுவார், அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக்கூடாது. துண்டு சிறிதாகச் சிறிதாக, எல்லையில் நிற்கும் பயிரை உள்ளே சேர்க்கும் கைப்பழக்கத்தால் விளைச்சல் கூடித் தெரியும் என்று இந்தியாவில் புள்ளிவிபரவியலாளர்கள் மகலனோபிஸுக்கும் சுகாத்மேக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. துண்டை அளக்கும் ஒரு கயிறு எந்தப் பக்கம் விழுகிறது என்பதற்கு இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். நெல் வாங்க வரும் வியாபாரிகூட மேல் சாக்கில் ஒரு பிடி அள்ளி விலை பேசமாட்டார், அடுக்கின் அடிச்சாக்கிலும் குழாயைக் குத்திப் பார்ப்பார்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தீர்கள், எத்தனை வீடு பூட்டிக் கிடந்தது, அவற்றுக்குப் பதில் பக்கத்து வீட்டை எடுத்தீர்களா அல்லது பின்னேரமோ ஞாயிறோ திரும்பிப் போனீர்களா, மழைக்குப் பாதை மூடியதால் எந்த ஊரைக் கைவிட்டீர்கள் என்று அறிக்கையில் ஒரு பக்கம் எழுதுங்கள். வசதிக்காகத்தான் வீதியோரம் எடுத்தோம் என்றால் அதையும் எழுதுங்கள், குறையாக எடுக்கமாட்டோம், நியம வழுவை மட்டும் அதற்குப் பக்கத்தில் போடாதீர்கள். கொடையாளர்களே, அந்தப் பக்கம் இல்லாத அறிக்கைக்குக் கடைசித் தவணைக் காசை விடாதீர்கள்.

அந்தப் பக்கத்தைத் தமிழிலும் தந்து, போன ஊர்களின் கிராம அலுவலர் அலுவலகங்களில் ஒவ்வொரு பிரதி வையுங்கள். எடுத்து வாசித்துக் கேள்வி கேட்க எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு புள்ளிவிபரவியல் ஆசிரியர், கிளிநொச்சி