பரிமளா மகளின் அடிக்குறிப்புகள்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள சரோ,

இங்கே எல்லாரும் நலம். உன் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று பரிமளா சொன்னாள், நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள்ளச் சொல், அவர் நம் பழைய பிரின்சிபால் மாதிரி, யார் சொன்னாலும் கேட்கமாட்டார். போனில் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய், நான் சொல்லவந்ததை விட்டுவிட்டு எட்டாம் நம்பர் பீரோ கதைக்குப் போய்விடுவோம். அதனால் எழுதுகிறேன். கடைசியில் ஒரு வேலையும் வைத்திருக்கிறேன், அதுவரை பொறுமையாகப் படி.

பரிமளா மகள் தேன்மொழி அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். சேர்வராயன் மலையில் காபித் தோட்டங்கள் வந்த வரலாறு. நல்ல பொண்ணு, உழைத்திருக்கிறாள். ஏற்காட்டில் வீடு வீடாகப் போய் பெரியவர்களிடம் பேசியிருக்கிறாள், பழைய கெஜட்டியரை வரி வரியாகப் படித்திருக்கிறாள். ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஒரு பிரதி கொண்டுவந்து, "எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுங்க பெரியம்மா" என்றாள். நான் வழக்கம்போல கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். துணைநூற்பட்டியல், அப்புறம் அடிக்குறிப்பு, அப்புறம்தான் இயல். முப்பது வருஷம் நூலகத்தில் உட்கார்ந்த நமக்கு வேறு எப்படிப் படிக்க வரும்?

முதல் இயல் மலையின் கல்லும் மண்ணும் பற்றியது. சேர்வராயன் மலை பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. அந்தப் பெயர் வந்த கதை உனக்குத் தெரியுமோ என்னவோ. கல்கத்தாவை நிறுவியவர் என்று ரொம்ப நாள் சொல்லிவந்தார்களே ஜாப் சார்னாக், அவருடைய கல்லறைக் கல்லை தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் ஆராய்ந்தார், கல் நம் பல்லாவரம் பக்கத்துக் கல், அந்த வகைப் பாறைக்கு சார்னாக் பெயரையே வைத்துவிட்டார். அதை எழுதிய கட்டுரை 1893இல் வங்காள ஆசியவியல் கழகத்தின் ஆய்விதழில், 62ஆம் தொகுதியில் வந்தது. பக்கம் 162 முதல் 164 வரை. மூன்றே பக்கம். அவரே 1900இல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் மெமாயர் என்ற வெளியீட்டுத் தொடரில், 28ஆம் தொகுதியில் அதே பாறைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அது 119 முதல் 249 வரை போகிறது.

தேன்மொழியின் துணைநூற்பட்டியலில் 1893 கட்டுரை இருந்தது, 162–164 என்று சரியாக. அடிக்குறிப்பிலும் அதே கட்டுரைதான், ஆனால் பக்கம் 200ஐ ஒட்டி ஒரு எண். 164இல் முடிகிற கட்டுரையில் 200ஆம் பக்கம் எங்கிருந்து வரும்? கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், சரோ, இரண்டு கட்டுரையும் எங்கேயோ ஒன்றாகக் கலந்துவிட்டன. கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை அவள், இணையத்தில் கிடைத்த ஒரு பழைய ஆய்வேட்டிலிருந்து அடிக்குறிப்பை அப்படியே எடுத்தேன் என்றாள். அந்த ஆய்வேட்டைத் திறந்தோம். அதை எழுதியவர் அதற்கும் முந்திய ஒன்றிலிருந்து எடுத்திருக்கிறார், அதே பக்க எண்ணோடு. அன்று இரவே இரண்டு மூலங்களின் ஸ்கேனையும் இறக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். மேற்கோள் காட்டிய செய்தி மெமாயரில்தான் இருந்தது. 1893 கட்டுரையை இவர்களில் ஒருவரும் திறக்கவில்லை. மூன்று பக்கம், சரோ! ஒரு காபி குடிக்கிற நேரத்தில் படித்துவிடலாம்.

அப்போதிலிருந்து எனக்கு இதே நினைப்புத்தான். அடிக்குறிப்பில் ஆசிரியர் பெயர், தலைப்பு, இதழின் பெயர், தொகுதி, ஆண்டு எல்லாவற்றையும் கட்டுரையைத் தொடாமலே எடுத்துவிடலாம், அட்டவணையில் கிடைக்கும், அடுத்தவர் பட்டியலில் கிடைக்கும். இந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்கு மட்டும் கட்டுரையைத் திறந்தாக வேண்டும். அதனால்தான் அடிக்குறிப்பில் ஒற்றைப் பக்கம், துணைநூற்பட்டியலில் கட்டுரையின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். பிள்ளைகள் இதை ஏதோ இரண்டு விதமான சடங்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடிக்குறிப்பு, இந்தச் சொல்லை இங்கே பார்த்தேன் என்கிறது. பட்டியல், இந்தக் கட்டுரையை இப்படித் தேடிப் பிடி என்கிறது. பெயரைக்கூட அதற்காகத்தான் அடிக்குறிப்பில் நேராகவும் பட்டியலில் திருப்பியும் எழுதுகிறோம், பட்டியலை அகரவரிசையில் தேட வேண்டுமே.

இதில் என் கோபம் அவள் மேல் இல்லை. அவளுடைய நெறியாளர் அந்தப் பிரதி முழுக்கச் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். இதழ் பெயர் சாய்வெழுத்தில் இல்லை, இங்கே காற்புள்ளிக்குப் பதில் முற்றுப்புள்ளி, அங்கே மேற்கோள்குறி விட்டுப்போயிற்று. எல்லாம் சரியான திருத்தம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் 164இல் முடிகிற கட்டுரைக்கு 200ஐ ஒட்டிய பக்கம் போட்டிருப்பதைத் தாண்டிப் போய்விட்டார். அந்தப் பக்கத்திலேயே சாய்வெழுத்துத் திருத்தம் இருக்கிறது! நீ அந்தக் காலத்தில் என்னோடு சண்டை போடுவாயே, "தகவல் சரியாக இருந்தால் போதாதா, கமா எங்கே இருந்தால் யாருக்கு என்ன" என்று. பாதி உன் பக்கம் வந்துவிட்டேன். மேற்கோள் எழுதுவதற்கு சிகாகோ முறை, எம்.எல்.ஏ. முறை என்று இருக்கின்றனவே, எதுவானாலும் ஆய்வேடு முழுக்க ஒன்றையே பின்பற்றினால் சரி. ஆனால் தொகுதி எண்ணும் பக்க எண்ணும் தப்பினால் அது தெருப்பெயர் இல்லாத தபால் மாதிரி, ஊருக்கு வந்துசேர்ந்தாலும் வீட்டுக்குப் போகாது.

இது நம் ஊர் வியாதி மட்டும் என்று நினைத்துவிடாதே. சிம்கின், ராய்சௌத்ரி என்று இரண்டு பேர் 2003இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரையை மேற்கோள் காட்டிய 4300 இடங்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். 196 இடங்களில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ இப்படி ஏதாவது பிழை. அவரவர் கை தவறியிருந்தால் பிழையும் விதவிதமாக இருக்க வேண்டும் அல்லவா? மொத்தமே 45 வகைப் பிழைகள்தான். ஒரே தப்பான பக்க எண் மட்டும் 78 தடவை வந்திருக்கிறது. ஒருவர் செய்த பிழையை மற்றவர்கள் அப்படியே எடுத்தெழுதியிருக்கிறார்கள். இதை வைத்துக் கணக்குப் போட்டு, மேற்கோள் காட்டுகிறவர்களில் மூலத்தைப் படித்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்றார்கள். மதிப்பீடுதான், இருந்தாலும் படித்துவிட்டு எனக்கு மனசே சரியில்லை.

இன்னொன்று கேள். எல்செவியர் என்ற பெரிய பதிப்பகம், கட்டுரை எழுதுகிறவர்களுக்கு மாதிரி காட்டுவதற்காக ஒரு மேற்கோளைக் கொடுத்திருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்பதுபோல் ஒரு தலைப்பு, மூன்று ஆசிரியர் பெயர், ஓர் இதழ், பக்கம் 51–59. அப்படி ஒரு கட்டுரையே கிடையாது, வெறும் மாதிரி. ஆனால் கிட்டத்தட்ட 400 கட்டுரைகளின் பட்டியலில் அது இடம்பிடித்துவிட்டது, 2017இல்தான் இந்த விஷயம் வெளியே வந்தது. மாதிரியை அழிக்க மறந்தவர்கள் பாதிப்பேர் இருக்கலாம், மீதிப்பேர்? இப்போது கேட்டவுடன் கட்டுரைப் பெயர், தொகுதி, பக்கம் எல்லாம் நிஜம்போலவே செய்துகொடுக்கிற சாட்ஜிபிடி வேறு வந்துவிட்டது. 2023இல் நியூயார்க்கில் அது செய்துகொடுத்த, உண்மையில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. தேன்மொழியிடம் சொல்லிவிட்டேன், நீ கண்ணால் பார்க்காத எதுவும் உன் பட்டியலில் இருக்கக் கூடாது கண்ணு, வேறு வழியே இல்லாமல் இன்னொருவர் நூல் வழியாக எடுத்தால், இன்னார் நூலில் மேற்கோள் காட்டியபடி என்று அந்த நூலையும் சேர்த்து எழுது. அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

"மேலது" சமாச்சாரமும் இருக்கிறது, முந்திய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதற்குப் போடுவோமே, அது. அவள் இரண்டாம் இயலில் ஒரு பத்தியை வெட்டி முன்னால் ஒட்டியிருக்கிறாள், அதோடு போன நாலைந்து "மேலது" இப்போது சம்பந்தமே இல்லாத கட்டுரையைக் காட்டுகின்றன. சிகாகோ கையேடே 2017 பதிப்பிலிருந்து ஆசிரியர் பெயரும் சுருக்கிய தலைப்பும் பக்கமும் போடுவதுதான் மேல் என்று சொல்லிவிட்டது. கணினியில் எழுதுகிற காலத்தில் அதுதான் சரி. எல்லாவற்றையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

பட்டியல் செய்ய ஜோட்டேரோ மென்பொருளை வைத்திருக்கிறாள், இலவசம், நல்ல கருவிதான். ஆனால் நம் பெயர் அதற்குப் புரிவதில்லை. பெயருக்குப் பின்னால் இனிஷியல் போட்டு "செல்வி ஆர்." என்று இருந்தால், ஆர் என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு பட்டியலில் "ஆர்., செல்வி" என்று வைத்துவிடுகிறது. செல்வியைத் தேடி 'செ' வரிசைக்குப் போகிறவருக்கு அவர் கிடைக்கவேமாட்டார். பெயரை ஒரே கட்டமாகப் போடுகிற வசதி அதிலேயே இருக்கிறது, அதைக் காட்டிக் கொடுத்தேன். நம் பிள்ளைகளுக்கு இதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லித்தர வேண்டும், சரோ. அப்பா பெயரின் முதல் எழுத்தின் கீழே எத்தனை பேர் தொலைந்து கிடக்கிறார்களோ.

புது ஆய்விதழ்களில் ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. என்று ஓர் அடையாள எண் இருக்கிறது, 10 என்று தொடங்குமே அது. இணையதள முகவரி மாறினாலும் அது கட்டுரையைக் காட்டிக்கொண்டே இருக்கும், அதனால் கிடைத்த இடத்திலெல்லாம் போட்டுவிடச் சொன்னேன்.

நூலகத்துக்கு ஐந்து விதி சொன்னாரே நம் ரங்கநாதன், அவருடைய நாலாவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. 1931இல் சொன்னது. அதை நாம் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற கவுண்டருக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அடிக்குறிப்பு எழுதுகிறவருக்கும் அதுதான் விதி. அந்த கெங்கவல்லிப் பையன் நினைவிருக்கிறதா? தொகுதி எண் இல்லாத ஒரு மேற்கோளை வைத்துக்கொண்டு பைண்ட் பண்ணிய இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே இருந்தான், சாயங்காலம் கடைசி பஸ்ஸுக்கு ஓடினான், கிடைக்காமலே. எவரோ ஒருவர் இரண்டு இலக்கம் எழுதச் சோம்பல்பட்டதற்கு அவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தான். அவன் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சரி, இப்போது உன் வேலை. தேன்மொழிக்கு ஏற்காட்டில் ஒரு தோட்டக் கணக்கர் வீட்டில் ஒரு தமிழ் மாத இதழின் கிழிந்த தாள்கள் கிடைத்திருக்கின்றன. மலைக் காபி பற்றிய கட்டுரை, அருமையான கட்டுரை, வேறெங்கும் கிடைக்காத விவரம் இருக்கிறது. அட்டை இல்லை. தாளின் மேல் ஓரத்தில் இதழின் பெயரும் "பிலவ ௵ தை", அதாவது பிலவ வருஷம் தை மாதம், என்பதும் மட்டும் தெரிகிறது, பக்க எண் இருந்த மூலையை எலி தின்றுவிட்டது. அவள் பிலவ என்றால் 1901 என்று எங்கேயோ பார்த்து எழுதிவிட்டாள். பிலவ அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை வரும், 1901, 1961, 2021. கட்டுரைக்குக் கீழே ஒரு சோப்பு விளம்பரம், விலை நயா பைசாவில். நயா பைசா 1957இல் வந்து 1964இல் அந்தப் பெயர் போய்விட்டது, ஆக 1961 பிலவதான். அதிலும் தை மாதம் என்றால் ஆங்கிலக் கணக்கில் 1962 ஜனவரி ஆகிவிடும். அதனால் பிலவ, தை என்று இதழில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் 1962 ஜனவரி என்று போடச் சொன்னேன். சித்திரையில் பிறக்கிற வருஷத்தை ஒரே ஆங்கில ஆண்டாக மாற்றினால் தையும் மாசியும் இப்படித்தான் ஒரு வருஷம் பின்னால் போய்விடும்.

நீ தரமணி பக்கம்தானே இருக்கிறாய். ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு நடை போய்வா. இதழின் பெயரைத் தனிச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு வேண்டியது மலர் எண், இதழ் எண், கட்டுரை தொடங்கும் பக்கம், முடியும் பக்கம். அந்தக் கால இதழ்களில் கட்டுரையைப் பாதியில் நிறுத்தி, தொடர்ச்சி கடைசிப் பக்கம் என்று போடுவார்களே, அப்படி இருந்தால் அந்தப் பக்கத்தையும் குறித்துக்கொள். கட்டுரையாளர் பெயர் உள்ளடக்கத்தில் ஒரு மாதிரியும் கட்டுரையில் ஒரு மாதிரியும் இருந்தால் இரண்டையும் எழுது. படம் எடுக்க விட்டால் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பு. அங்கே இல்லையென்றால் இல்லை என்றே சொல், பக்க எண் இல்லை என்று அடிக்குறிப்பில் எழுதிவிடுவோம், ஊகித்து ஒரு எண் போடுவதில்லை என்று அவளும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

வைவா, அதுதான் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு, அதன் தேதி தெரிந்ததும் சொல்கிறேன், கட்டாயம் வர வேண்டும், பரிமளா உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். என் வீட்டில்தான் தங்கல். தட்டுவடை செட்டு என் செலவு.

கௌரி

சீட்டு தபாலில் தனியாக வரும். வேலைநேரத்தைப் போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போ.